ஹெச்.ஏ.எல். தலைவருக்கு ஓசூர்ப் பட்டறையிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறேன். நான்கு வி.எம்.சி., இரண்டு சி.என்.சி. லேத் என்று உலோகத்தைக் கணினி வழி குடையவும் கடையவும் ஆறு இயந்திரங்கள், பதினான்கு பேர். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு 1989-இல் ஓசூருக்கு பஸ் ஏறினேன். என் பட்டறையிலிருந்து உங்கள் பெங்களூரு தொழிற்சாலை நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் மாட்டாமல் போனால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் என் பட்டறையில் செய்த ஒரு பாகம் அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2025 செப்டம்பரில் 97 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்தி வந்தபோது எங்கள் பையன்கள் டீ நேரத்தில் செல்போனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் கொடுத்த 83-ஐயும் சேர்த்தால் 180 விமானங்கள். அதற்கு முன்பே, 2025 மார்ச்சில், 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கும் ஆர்டர் வந்துவிட்டது. செப்டம்பரில் அந்த 97 விமான ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த நாள் பழைய மிக்-21 போர் விமானம் கடைசியாகப் பறந்து ஓய்வு பெற்றது. 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) இருக்க வேண்டிய விமானப்படையில் 29-தான் மிச்சம் என்று படித்தேன். உங்களிடம் வேலை குவிந்து கிடக்கிறது, நாட்டுக்கு விமானம் அவசரம். இங்கேயோ பல பட்டறைகளில் இரண்டாவது ஷிப்டில் இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். டெண்டருக்கு டெண்டர் இருபது பீஸ், முப்பது பீஸ் என்று துண்டு வேலையாகக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு வருடம் தொடர்ந்து வரும்படி எங்களுக்கு வேலை ஒதுக்குங்கள், அதைச் செய்யக் கற்றும் கொடுங்கள்.

வேலை நின்றால் கை மறந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தின் வரலாறே அதைத்தான் சொல்கிறது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய கம்பெனி அது. சுதந்திரம் வந்து நான்கே வருடத்தில், 1951-இல், எச்.டி.-2 பயிற்சி விமானத்தைச் சொந்தமாக வடிவமைத்துப் பறக்கவிட்டீர்கள். 1961 ஜூன் மாதம் மாருத் பறந்தது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில், நம் ஆட்கள் கை வைத்துச் செய்த போர் விமானம். ஆசியாவில் வெகு சில நாடுகளே நினைத்துப் பார்த்த வேலை அது. ஆனால் அந்த உடம்புக்கு ஏற்ற இன்ஜின் கிடைக்கவே இல்லை. ஆர்ஃபியஸ் இன்ஜினை வைத்தே ஓட்டினோம். 147 விமானங்களோடு தயாரிப்பு நின்றது. சொந்தமாக வடிவமைத்த அடுத்த போர் விமானம் தரையை விட்டுக் கிளம்பியது 2001 ஜனவரி 4 அன்று. நாற்பது வருட இடைவெளி. மாருத்தில் பழகிய கைகள் எத்தனை அதற்குள் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போயிருக்கும்? தேஜஸ் 1983-இல் அனுமதி பெற்று 2016-இல்தான் படையில் சேர்ந்தது என்று பலர் குறை சொல்கிறார்கள். விட்டுப்போன கைப்பழக்கத்தை முதலிலிருந்து பழகவே அதில் பாதிக் காலம் போயிருக்கும் என்பது என் எண்ணம். இப்போதும் இன்ஜின்தான் காலை இழுக்கிறது. 2021-இல் ஆர்டர் செய்த 99 எஃப்404 இன்ஜின்களில் முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்ததே 2025 மார்ச்சில். அதில் எங்களைப் போன்றவர்கள் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் இன்ஜின் வந்து நிற்கும்போது பிராக்கெட், புஷ் போன்ற சிறு பாகங்கள் வராமல் விமானம் காத்திருக்கக் கூடாது அல்லவா? அந்த இடத்தில் எங்களால் ஆவது உண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் விமான பாகங்கள் செய்யும் ஒரு தனியார் கம்பெனியிடமிருந்து (பெயர் வேண்டாம்) ஒரு பிராக்கெட் டிராயிங் வந்தது. 7075 என்ற உறுதியான அலுமினியக் கலவை. கட்டியிலிருந்து குடைந்து எடுக்க வேண்டும், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர், அளவு பிசகலாம் என்பது (டாலரன்ஸ்) இருபது மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதுவரை நாங்கள் செய்தது எல்லாம் வண்டி பாகங்கள். அதிலும் மைக்ரான் கணக்கு உண்டுதான். ஆனால் இந்த உலோகம் வேறு குணம். இயந்திரத்தில் இருக்கும்வரை அளவு சரியாக நிற்கும், கிளாம்ப்பைக் கழற்றியதும் சுவர் வளைந்துவிடும். முதல் பதினொரு பீஸ் ஸ்கிராப். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பதினொன்றையும் மேஜை மேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இயந்திரத்தை வேலைக்கு அமைக்கும் எங்கள் செட்டர் தம்பி ஒருவன், காரிமங்கலம் பக்கத்துப் பையன், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரு நாள் சும்மா போட்டுவைத்து, பிறகு ஃபினிஷ் கட் கொடுத்துப் பார்த்தான். உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்த பிறகு எடுத்ததால் பீஸ் வளையவில்லை. பீஸை அசையாமல் பிடித்து நிறுத்த அதற்கென்று ஒரு ஃபிக்ஸ்சரும் அவனே வரைந்தான். மூன்று மாதம் ஆயிற்று அந்த வேலை கைக்கு வர.

முதல் லாட் முழுதும் திரும்பி வந்தது. அளவில் ஒரு குறையும் இல்லை. மெட்டீரியல் சான்றிதழில் இருந்த ஹீட் நம்பரும் (உலோகம் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) எங்கள் டேக்கில் எழுதிய நம்பரும் ஓர் எழுத்து மாறிவிட்டது, அவ்வளவுதான். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று சொல்கிறேன், அவர்கள் செய்ததுதான் சரி. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். நாடு முழுதும் துருவ் பறப்பது மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. ஆகாயத்தில் ஏதாவது ஒன்று முறிந்தால், அந்த உலோகம் எந்த உருக்கில் வந்தது, எந்தப் பட்டறையில் யார் கை பட்டது என்று கடைசிவரை தடம் பிடிக்க முடிய வேண்டும். ஆகவே தரத்தில் ஓர் இழை தளர்த்துங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். யாராவது அப்படிக் கேட்டால் அவர்களுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

இரண்டாவது லாட் தேறியது. நாற்பது பீஸ். அன்று பட்டறையில் கேசரி கிண்டினோம். அடுத்த டெண்டரில் பீஸுக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கேட்ட வேறொருவருக்கு வேலை போய்விட்டது. ஃபிக்ஸ்சர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அந்தப் பையன் ஒன்றரை வருடம் காத்திருந்தான், பிறகு செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் தங்கை கல்யாணம். ஆனால் மூன்று மாதம், பதினொரு ஸ்கிராப், ஒரு லாட் நஷ்டம் எல்லாம் கொடுத்து வாங்கிய கைவேலை அவனோடு போய்விட்டது. வேலை பிடித்த அந்த இன்னொருவரும் முதலிலிருந்துதானே கற்றிருப்பார்? முப்பது ரூபாயில் யாருக்கு என்ன மிச்சம்?

இப்போது ஓசூரைப் பற்றி. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்தன, பிறகு டைட்டன் வந்தது. கடிகாரத்தின் பல்சக்கரம் செய்யப் பழகிய ஊர் இது. அதே டைட்டன் குழுமம் இன்று விமானத் துறைக்கும் நுண்பாகங்கள் செய்கிறது. தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுபாதை இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பில் ஆறு பேர் உட்காரும் சிறு விமானங்களை 1990-களில் அங்கே கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கே இது தெரியாது. இன்னும் பழைய கதை வேண்டுமானால், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் ஆய்வு முடிவு வந்தது. உலோகத்தோடு இந்த மண்ணுக்குப் பழக்கம் நீண்டது என்று பெருமைக்காக ஒரு வரி எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரியில் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைத்தபோது சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரின் பெயரும் இருந்தது. கோவை அதைப் பிடித்துக்கொண்டது. தேஜஸின் இறக்கைகளே இன்று கோவையில் உருவாகின்றன. சூலூரில் தேஜஸ் ஸ்குவாட்ரன் நிற்பதும் அவர்களுக்கு ஒரு தெம்பு. ஓசூரில் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெண்டர் மீட் (பாகம் செய்து தருவோருக்கான கூட்டம்) அழைப்பிதழ்கள். ஹோட்டல் ஹாலில் பாகங்களை வைத்துக் காட்டுவார்கள், விசிட்டிங் கார்டு வாங்குவார்கள், சாப்பாடு நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு போன் வராது.

எங்களை உண்மையில் தடுப்பது எது என்று கேட்டால், இயந்திரம் இல்லை. வங்கிக் கடனில், ஐந்து திசையில் அசைந்து வெட்டும் ஃபைவ் ஆக்சிஸ் இயந்திரம் வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். தடுப்பது இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகள். முன்னே, மெட்டீரியல். விமானத் தர அலுமினியத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரே எங்கள் ஒரு வருடத் தேவையைத் தாண்டும். நாற்பது பிராக்கெட்டுக்காக அரை டன் பிளேட் வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீங்கள் மொத்தமாக வாங்கி, அறுத்து, சான்றிதழோடு ஃப்ரீ இஷ்யூவாக, அதாவது விலை வாங்காமல், கொடுத்தால் இந்தத் தொல்லையும் போகும், ஹீட் நம்பர் குழப்பமும் போகும். பின்னே, உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் டிரீட்மென்ட், அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றும் அனோடைசிங், விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் பெனட்ரன்ட் சோதனை. இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் செய்ய வேண்டும். ஓசூரில் செய்த பீஸ் ஒவ்வொன்றையும் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய், பெரிய கம்பெனிகளின் லாட்டுக்குப் பின்னால் மூன்று வாரம் வரிசையில் வைக்கிறோம். இரண்டு மணி நேர வேலைக்கு மூன்று வாரம்.

ஓசூரில் அங்கீகாரம் பெற்ற ஒரு பொது வசதி மையம் வேண்டும். ஒரு அனோடைசிங் லைன், ஒரு வேக்வம் ஃபர்னஸ் (வெற்றிட உலை), ஒரு சோதனைக் கூடம், பாகங்களை நுட்பமாக அளக்கும் நல்ல சி.எம்.எம். இயந்திரம் இரண்டு. அவ்வளவுதான். பாதுகாப்புத் தளவாடச் சோதனை வசதிகளுக்கென்றே மத்திய அரசு 2020-இல் 400 கோடி ரூபாயில் ஒரு திட்டம் கொண்டுவந்தது, அதில் செலவில் 75 சதவீதம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். சோதனைக் கூடத்துக்கு அதுபோன்ற வழியைத் தேடலாம். மற்றதற்குத் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் நாங்களும் சேர்ந்து பங்கு போட முடியும். இதில் பாதிக் கோரிக்கை சென்னைக்குப் போக வேண்டியது என்பது எனக்குத் தெரியும், அங்கேயும் மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் உங்கள் தர அதிகாரிகள் இருவர் வாரத்தில் இரண்டு நாள் அந்த மையத்தில் வந்து உட்கார்வதாக ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் வங்கியும் அசையும், அரசும் அசையும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மேலே சொன்ன அந்தத் தனியார் கம்பெனி எனக்கு எட்டு மாதம் கழித்துக் கொடுத்தது. உங்களிடமிருந்து ஆர்டர் வாங்கும் பெரிய கம்பெனிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குறித்த நாளில் கொடுத்தால்தான் அவர்களின் அடுத்த பில் பாஸாகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள், போதும்.

கடைசியாகப் பிள்ளைகள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒருகாலத்தில் பெண் சிசுக்கொலைக்காகப் பேர் கெட்டுப்போன மாவட்டங்கள் இவை. இன்று எங்கள் பட்டறையில் சி.எம்.எம். பார்ப்பது பென்னாகரத்துப் பெண் ஒருத்தி. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. இவளைப் போன்றவர்களை உங்கள் பெங்களூரு தொழிற்சாலையில் ஒரு வருடம் அப்ரன்டிஸாக எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு அங்கேயே வேலை கேட்கவில்லை. எங்களிடம் திருப்பி அனுப்புங்கள். உங்கள் முறையைக் கற்றுக்கொண்ட பத்துப் பேர் ஓசூருக்குத் திரும்பினால், பத்துப் பட்டறைகள் மாறும். ஓய்வு பெறும் உங்கள் மூத்த தொழிலாளிகளில் எங்கள் பக்கத்துக்காரர்கள் பலர் உண்டு. அவர்களில் விருப்பம் உள்ளவர்களைப் பயிற்றுநர்களாக ஐ.டி.ஐ.களுக்கு அனுப்பவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

97 விமானங்களுக்கு நேரடியாகப் பாகங்கள் செய்யப்போவது ஏறக்குறைய 105 இந்திய நிறுவனங்கள் என்று அரசு அறிவிப்பில் படித்தேன். 2027-28-இல் தொடங்கி ஆறு வருடத்தில் விமானங்களைக் கொடுத்து முடிக்க வேண்டும். நாசிக்கில் புதிய லைன் திறந்திருக்கிறீர்கள், எல்லா லைன்களும் சேர்ந்து வருடத்துக்கு 24 விமானம் என்பது இலக்கு. அந்த ஆறு வருடமும் விட்டுப்போகாமல் வரும் வேலையில் ஒரு பங்கை, முதலில் பத்தே பத்துப் பாகங்களை, ஓசூருக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஒரு வருடம் எங்கள் ரிஜெக்ஷன் கணக்கைப் பாருங்கள். சரியில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நாங்கள் மறு பேச்சுப் பேச மாட்டோம்.

உங்கள் வெண்டர் மேம்பாட்டுப் பிரிவிலிருந்து இரண்டு பேரை ஒரு நாள் அனுப்பி வையுங்கள். ஹோட்டல் ஹால் வேண்டாம், பட்டறைக்கே வரட்டும். சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. அந்த ஃபிக்ஸ்சரை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். காரிமங்கலத்துப் பையனிடமும் பேசிவிட்டேன். வேலை நிலையாக வரும் என்றால் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

நன்றியுடன்,
ஒரு சிறு பட்டறை உரிமையாளர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.