ஓலைப்பெட்டியை அடுப்படிக்குத் திருப்பி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவினைக் கலைகள் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தாலே இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஒன்று, அழிந்து வருகிறது, காப்பாற்ற வேண்டும். இன்னொன்று, கண்காட்சியில் வைத்தார்கள், வெளியூர்க்காரர்கள் ஆசையாக வாங்கிப் போனார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தப் பொருள்கள் யாருக்காகச் செய்யப்பட்டன, எந்த வீட்டில் என்ன வேலைக்குக் கிடந்தன என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சாயல்குடி பக்கம் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கருப்பட்டிக்குப் பேர் போன பக்கம் இது. கருப்பட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் வேர்த்துக் கசிந்து பிசுபிசுவென்று ஆகிவிடும், அடைமழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதையே ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் நாள்பட நிற்கும். இங்கே கருப்பட்டிக்கு ஒரு பெட்டி, கருவாட்டுக்கு ஒரு பெட்டி, புடைக்கச் சொளகு, மீன் சுமக்கக் கடகம், மிளகாய் காயப்போட ஓலைப்பாய், சீர் கொண்டுபோக மூடி வைத்த பெட்டி, கைப்பிள்ளைக்குக் கிலுகிலுப்பை என்று எல்லாமே பனை ஓலையும் நாருமாகத்தான் இருந்தது. யாரும் இதைக் கலை என்று சொல்லி வாங்கவில்லை. தேவைப்பட்டது, வாங்கினார்கள், பிய்ந்து போனால் அடுப்பில் வைத்துவிட்டு வேறு வாங்கினார்கள்.

என் கடைக்குப் பெட்டி கொண்டுவரும் ஒரு அக்கா முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ராத்திரி பனியில் போட்டு எடுத்தால்தான் ஒடியாமல் வளையும். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பார், அளவுகோல் எல்லாம் கிடையாது, கட்டைவிரல் நகம்தான். அடிப்பாகத்தை முடையும்போது பேச மாட்டார், மூலை திரும்பிப் பெட்டி மேலே எழும்ப ஆரம்பித்த பிறகுதான் ஊர்க்கதை எல்லாம் வரும். நடுவில் சாயத்தில் வேகவைத்த ஓலையைக் கோத்து, பச்சையும் ரோஸுமாக ஒரு வரி ஓட்டுவார். மொத்த வியாபாரி ஒருவர், சாயவரி வேண்டாம், வேலை மிச்சம், சீக்கிரம் நிறைய முடைந்து தரலாமே என்று அவரிடம் கேட்டார். "மொட்டையா எப்படிய்யா ஒரு வீட்டுக்குக் குடுக்குறது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார் அக்கா. அந்த வரிக்கு அவருக்குத் தனியாக ஒரு பைசா கிடைப்பதில்லை. கருவாடு போட்டு வைக்கிற பெட்டிக்கும் அந்த வரி உண்டு. கலை என்றால் எனக்கு அதுதான். சாதாரண வீட்டுக்குப் போகிற சாதாரணப் பொருளையும் மொட்டையாகக் கொடுக்க மனசு வராமல் இருப்பது.

வாசலில் காலையில் போட்டு மதியத்துக்குள் கால்பட்டு அழிந்துபோகும் கோலமும் இந்தக் கணக்கில்தான் வரும். குருத்தோலை ஞாயிறு அன்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓலையிலேயே சிலுவை பின்னுகிற பிள்ளைகளும் அப்படித்தான். கடற்கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவரைப் பாருங்கள், நூலும் வலையும் மிஷினில் வந்த நைலான், ஆனால் பொத்திய இடம் எது என்று தெரியாதபடி கண்ணிக்குக் கண்ணி சேர்த்துவிடுவார். அவருக்கு விருது ஒன்றும் வேண்டாம், அந்த வலை மறுநாள் கடலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது நிலைமை என்ன? மீனுக்கு பிளாஸ்டிக் கூடையும் தெர்மாகோல் பெட்டியும் வந்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அப்புறம் மஞ்சப்பை இயக்கமும் வந்தது, நல்ல விஷயம். ஆனால் பிளாஸ்டிக் விட்டுப்போன இடத்துக்கு ஓலை திரும்பி வரவில்லை. பனை நம் மாநில மரம். வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. மரம் நிற்கும், சரி, அதில் ஏறிக் குருத்து வெட்டித் தர ஆளும், அதை முடையக் கையும், முடைந்ததை வாங்க உள்ளூர் வீடும் இல்லையென்றால் மரம் மட்டும் நின்று என்ன செய்ய?

செட்டிநாட்டுக் கொட்டானுக்கு, அதாவது அங்கே ஓலையில் முடைகிற கூடைக்கு, இந்த ஊர்ப் பொருள் என்று சொல்லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் கிடைத்தது. சந்தோஷம்தான். நம் ஓலைக்கும் யாராவது முயற்சி எடுத்தால் நல்லது. ஆனால் குறியீடு வந்த கையோடு விலையை ஏற்றி, கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, நாங்களே வாங்க முடியாத பொருளாக ஆக்கிவிடக் கூடாது. அதற்காக அக்காவிடம் அடிமாட்டு விலைக்குக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், நாள் முழுக்க முதுகு வலிக்க முடைந்த பெட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கேட்பது இவ்வளவுதான். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க, பெயர் அச்சடித்த பைக்குப் பதிலாகச் சின்னக் கொட்டான் சொல்லுங்கள், முடைகிறவர்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், குருத்து வெட்டிக் காயவைக்க நாள் வேண்டும். ராமேஸ்வரத்தில் பிரசாதம், கருப்பட்டி, கடலை மிட்டாய் விற்கிற கடைக்காரர்கள் ஓலையில் போட்டுத் தர ஆரம்பித்தால் யாத்திரை வருகிறவர்கள் வேண்டாம் என்றா சொல்வார்கள்? உங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு ஊராக எடுத்து, அங்கே என்ன முடைகிறார்கள், என்ன விலை, எந்தச் சந்தையில் எந்தக் கிழமை கிடைக்கும் என்று நாலு வரி போடுங்கள். தங்கம் விலை தினமும் போடுகிறீர்களே, அதற்குக் கீழே கொஞ்சம் இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்