பேர் விழாத நாட்கள்

அன்புள்ள அத்தைக்கு,

போன மாதம் போனில், "எங்க பெரியப்பா பேராவது கெடைச்சுதாப்பா?" என்று கேட்டீர்கள். கிடைத்துவிட்டது. ஆனால் நான் தேடிப் போன இடங்களில் அல்ல. யுத்த காலத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்த் திரும்பாத தாத்தாவின் அண்ணனை, என் பெரிய தாத்தாவைத்தான் தேடினேன்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் எதிரித் தாக்குதலில் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 67,000 பேர் அதில் இருக்கிறார்கள். பெயர், வயது, வீட்டு முகவரி, யாருடைய பிள்ளை என்ற விவரங்களோடு. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுக்கு, அந்த வரிசை வீட்டு அறைக்கு, யார் முகவரி எழுதி வைத்தார்கள்? பெரிய தாத்தா அதில் இல்லை.

அப்புறம் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் 1942 ஏப்ரல் மாதப் பத்திரிகைகளைப் புரட்டினேன். "வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் குண்டு போட்டான்" என்று தாத்தா சொல்வாரே, அது சரிதான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவருக்கு அந்த ஞாயிறுதான் பொருந்துகிறது.

தொழிலாளர் வேலைக்கு வந்த நாட்களைப் பதியும் பழைய செக்ரோல் ஒன்று தோட்டத்தில் தப்பியிருந்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தாத்தாவின் வரியில் ஏப்ரல் 7 முதல் ஜூன் முடிய ஒரு பேர்கூட விழவில்லை. அரிசிக்குக்கூடத் திண்டாடிய யுத்த காலத்தில், மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஒரு மனிதர் எங்கே போயிருப்பார்?

பதில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். கல்யாணமானவர்கள் 7 வருஷம், ஆகாதவர்கள் 10 வருஷம். யுத்த காலம் முழுவதும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. அந்த மூன்று மாதம் இந்தியாவுக்குப் போனாயா என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டிசம் (மனு) எழுதுபவரைப் பிடித்து அவர் அனுப்பிய பதிலின் பிரதி இது: அண்ணனைத் தேடிக் கொழும்பில் அலைந்தேன், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கூடவே அண்ணனின் பெயர், தகப்பன் பெயர், வயது 24.

வாசித்துவிட்டு அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் மனு தள்ளப்பட்டது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி நீங்கள் இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறினீர்கள், அப்பா இங்கே நின்றுவிட்டார். நம்மைப் பிரித்த அந்தச் சட்டம் கேட்ட கேள்வியால்தான் பெரிய தாத்தாவின் பெயர் தாளில் மிஞ்சியிருக்கிறது. அதற்காக அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இப்படி ஒரு பெட்டி மலையகத்திலும் நீலகிரியிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். கறையானுக்கு முந்தித் திறந்து பார்க்க வேண்டும்.

பெட்டிசம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. அந்தப் பெயரைத் தமிழில் இரண்டு விதமாக வாசிக்கலாம், அதனால் இங்கே எழுதவில்லை. தாத்தா தன் அண்ணனை வீட்டில் எப்படிச் சொல்வார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையோடு நீங்கள் கொண்டுபோன காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் பரவாயில்லை. டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள் அத்தை, எழுத்து அதோடு வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்