எழுபது வயதைக் கடந்தவர்களை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கும் விதிகளை எளிதாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள மூத்த குடிமக்களும், அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருபவர்களும்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: 70 வயது நிரம்பியோரைக் காப்பீட்டில் பதிவு செய்யும்போது வயதுச் சான்று, விரல்ரேகை, குடும்ப அட்டை ஆகியவற்றால் வரும் தடைகளை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 70 வயது நிரம்பிய எவருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் குடும்பமானால், வீட்டுப் பெரியவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. அதை வீட்டில் இளையவர்கள் பயன்படுத்த முடியாது. பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை பெறலாம். நல்ல விதிகள்தான், குறை சொல்ல வரவில்லை. வயது ஒன்றே தகுதி என்று சொல்லிவிட்டு, அந்த வயதைக் காட்டும் வழியை ஆதார் ஒன்றோடு நிறுத்திவிட்டதில்தான் சிக்கல்.

ஆதார் எடுத்த காலத்தில் எங்கள் பெரியவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. “வயசு எத்தனை பாட்டி?” என்று கேட்டார்கள். பாட்டி ஒரு கணக்குச் சொன்னார், அல்லது கூடப் போன மருமகள் சொன்னார். ஆபரேட்டர் ஆண்டைத் தட்டிவிட்டு, தேதிக்கு ஜனவரி 1 போட்டார். நூறுநாள் வேலைக்கு ஆகுமே என்று வயதைக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. இன்று பேரனுக்கே கல்யாணமாகிவிட்ட ஒருவர், ஆதார்படி 66 வயதுக்காரராக நிற்கிறார். பிறந்த தேதியைத் திருத்தலாம் என்கிறார்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர் எங்கே போவார்?

இத்தனைக்கும் இவர்களில் பலர் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார்கள். அதற்கு வருவாய்த் துறையே விசாரித்து வயதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு துறை ஏற்ற வயதை இன்னொரு துறை ஏற்காதது எங்களுக்குப் புரியவில்லை.

அடுத்தது விரல்ரேகை. ஆயுசு முழுக்க நாற்று நட்ட கையில் ரேகை எங்கே இருக்கும்? பதிவு மையம் ஒன்றில் ஒரு பாட்டியின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள், தலையில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். இயந்திரத்தில் சிவப்பு விளக்குத்தான். சரி, ஓடிபி வரவழைக்கலாம் என்றால், ஆதாரில் இருந்தது திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனின் பழைய சிம் நம்பர். “நம்பரை மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கருவிழி மூலமும் முகம் காட்டியும் பதிய விதியில் இடமிருக்கிறது. அதை அந்த மையத்தில் யாரும் முயன்று பார்க்கவே இல்லை. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழை வீட்டில் இருந்தபடியே செல்போனில் முகம் காட்டிக் கொடுக்கிறார்கள். அதே வசதி இங்கே ஏன் நடைமுறைக்கு வரவில்லை?

அடுத்து, மாநில அரசு நடத்தும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்ப அட்டையில் பெயரும் இருக்க வேண்டும். மூத்த மகன் வீட்டு அட்டையில் பெயர், இளைய மகன் வீட்டில் சாப்பாடு என்றிருக்கும் தாய்மார்களுக்கு இது பெரிய தலைவலி. பெயரை நீக்கிச் சேர்ப்பதற்குள் அண்ணன் தம்பி சண்டையே வந்துவிடுகிறது. அப்புறம், மகனுக்குச் சம்பளம் இருப்பதால் அம்மாவுக்கு அட்டை இல்லை என்பதும் நடக்கிறது. மகனின் சம்பளம் அம்மாவின் கைக்கு வருகிறதா என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றை ஆணையாக வெளியிட வேண்டுகிறோம். முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் உள்ள வயதையோ, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தரும் சான்றையோ வயதுக்கு ஆதாரமாக ஏற்கும்படி, ஆயுஷ்மான் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும். அது முடிவாகும்வரை, இப்படிப்பட்டவர்களை மாநிலத் திட்டத்தில் தனிநபராகவே சேர்க்கலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வருமானச் சான்றும், ஒரே வீட்டுக் குடும்ப அட்டையும் கேட்கக் கூடாது. விரல்ரேகை விழாவிட்டால் கருவிழி, முகம், ஓடிபி என அத்தனை வழியையும் பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படியும் முடியாமல் அனுப்பினால், காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இது எங்களுக்கு மிக முக்கியம். வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால் மேல்முறையீடு செய்யக் கையில் ஒரு தாள்கூட இருப்பதில்லை.

படுக்கையில் இருப்பவர்களை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை போவது நடக்கிற காரியம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாமல் இருக்கிறார் என்பது அந்தத் தன்னார்வலர்களுக்கு அத்துப்படி. பதிவுக் கருவியோடு ஒருவரை அவர்களுடன் அனுப்பினால் போதும்.

கடைசியாக, அட்டை எடுக்காத நிலையில் நெஞ்சுவலி, எலும்பு முறிவு என்று பெரியவர்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டால், முதலில் சிகிச்சை தொடங்கி, பதிவை அங்கேயே படுக்கைக்கு அருகில் முடிக்க உத்தரவிட வேண்டும். முன்பணம் கட்டுங்கள், அட்டை வந்தால் திருப்பித் தருகிறோம் என்று சொல்வதைத் தடை செய்ய வேண்டும்.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலமாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த குடிமக்களும், அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருபவர்களும்

இணைப்பு: கையொப்பம் மற்றும் கைநாட்டுப் பட்டியல்