குகையைப் பற்றி எழுதுங்கள், லொக்கேஷனை அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சுற்றுவட்டார மலைகளில் அதிகம் பேர் பார்க்காத குகைகளைப் பற்றி வாசகர்கள் எழுதி அனுப்பலாம், கூடவே கூகுள் மேப் லொக்கேஷனையும் இணைக்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தீர்கள். எழுதச் சொன்னது மிக நல்ல யோசனை. லொக்கேஷன் கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நான் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்காக ஏறிய மலைகளில் இப்போது குகை தேடி ஏறுகிறேன். நம் பக்கத்துச் சிறு குகையை வரைபடத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. 1:50,000 டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஆள் குனிந்து நுழைகிற வாய் அதில் எங்கே தெரியும்? செயற்கைக்கோள் படம் மேலிருந்து பார்க்கிறது, குகையோ பாறைக்கு அடியில் இருக்கிறது. செங்குத்துப் பாறை ஓரம் போனால் ஜி.பி.எஸ். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி, நாம் நிற்காத இடத்தில் நம்மைக் காட்டும்.

நம் மலைக் கல்லும் ஒரு காரணம். ஆந்திராவின் போரா குகைகள் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்து உண்டானவை, அதனால் அவ்வளவு பெரியவை. நம்முடையது நைஸ், சார்னோகைட் என்ற கடினப் பாறைகள். இவை அப்படிக் கரைகிற கல் அல்ல. வெயிலிலும் மழையிலும் விரிசல் விட்டு, வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்து, பெயர்ந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் மிஞ்சுகிற இடம்தான் குகை. எல்லா இடுக்கும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும். போதாக்குறைக்கு உண்ணிச்செடி வேறு வாயை மூடிவிடும். தேடுவதற்கு மாசி, பங்குனிதான் நல்ல மாதங்கள். மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் பாறை முகம் தெரியும்.

காட்பாடிக்கு வடக்கே ஒரு குன்றில் மழைக்கு ஒதுங்கும் குகை ஒன்று இருப்பதாகப் பல வருடங்களாகக் கேள்விப்பட்டிருந்தேன். எத்தனை தடவை ஏறியும் கண்ணில் படவில்லை. கடைசியில் வழி சொன்னவர் அந்தக் குன்றில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா. "மேலயே பாத்துகினு போனா கெடைக்காது சார். உச்சி வெயில்ல ஆடு எங்க போயி படுக்குதுன்னு பாருங்க" என்றார். சரி என்று அவரோடு நிழலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் ஆடுகள் ஒவ்வொன்றாக ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் மறைந்தன. அந்தப் பாறையை நான் முன்பே பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். பின்னால் கல்லிச்சி மரம் ஒன்று விரிசலுக்குள் வேர் விட்டு நிற்கிறது. வேர்களுக்குக் கீழே, உண்ணிச்செடி மறைவில், மூன்றடிக்கும் குறைவான வாய். கையை நீட்டினால் உள்ளிருந்து வரும் காற்று ஜில்லென்று படுகிறது.

உடனே உள்ளே நுழைந்துவிடக் கூடாது. அந்த அம்மாவே முதலில் கோலால் வாயைத் தட்டி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். கரடி, சிறுத்தை, முள்ளம்பன்றி எல்லாம் நம் மலைகளில் உண்டு. வௌவால் நாற்றம் வேறு, மிருகம் தங்கும் நாற்றம் வேறு. புதிதாகக் கடித்த எலும்பு கிடந்தால் திரும்பிவிட வேண்டும். பாறை நெற்றியில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் அவசியம். ஆடுகள் நிம்மதியாக உள்ளே படுத்திருந்ததால் அன்று பயமில்லை.

உள்ளே உட்கார்ந்தபடிதான் நகர முடிந்தது. டேப் பிடித்து அளந்தேன்: நீளம் 14 அடி, அகலம் 9 அடி, நடுவில் மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். கடைசியில் ஒரு விரிசல், அதன் வழியே ஒரு கோடு வெளிச்சம். ஓரத்தில் பாறை கசிந்து ஒரு குழியில் தண்ணீர் நிற்கிறது. மேற்கூரை முழுக்கப் பழைய அடுப்புக் கரி. தரையில் ஆட்டுப் புழுக்கையைக் கையால் ஒதுக்கியதும், இரண்டு வரிசையாக வெட்டிய பல்லாங்குழி. குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. சிற்பமில்லை, கல்வெட்டில்லை. மழை விடும் வரை யார் யாரோ தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். அந்தக் குழிகளைத் தொட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் பெரிய கோயில்களில்கூட உண்டானதில்லை.

இப்படிப்பட்ட ஒதுங்குமிடங்களிலிருந்துதான் நம் பகுதியின் பெரிய வரலாறும் வந்திருக்கிறது. வள்ளிமலையில் கங்க மன்னன் ராஜமல்லன் இந்த மலையைக் கண்டு, கைக்கொண்டு, சமணப் பள்ளி எழுப்பியதைப் பாறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு. முருகனைப் பார்க்க ஏறும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தச் சமணக் குகைப் பக்கம் போகிறார்கள்? விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையில், பல்லவ மன்னன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில் பொன் இயக்கியார் என்ற சமணப் பெண் தெய்வத்தின் உருவம் செதுக்கியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இயற்கையான குகை ஒன்றின் மேல் இருக்கிறது. இதைப் படித்து அச்சிட்டவர் ஆரணி பக்கத்தில் பிறந்த கல்வெட்டு அறிஞர் வெங்கையா. வள்ளிமலைக் கல்வெட்டுகளை வெளியிட்டவர் ஜெர்மன் அறிஞர் ஹூல்ட்ஸ். இரண்டும் எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு வெளியீட்டின் நான்காம் தொகுதியில் உள்ளன. ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்த குகைகள், ஒழுங்காகப் பதிவானதால் இன்று நமக்கும் தெரிகின்றன.

ஆம்பூர் பக்கத்து மலையம்பட்டு அர்மாமலையை நினைத்தால் மனசு பதறுகிறது. இயற்கையான குகைக்குள் சுடாத மண்கல் சுவர் எழுப்பி, 8ஆம் நூற்றாண்டில் சமணக் கோயிலாக்கி, தாமரையும் எண்திசைக் காவலரும் தீட்டிய இடம் அது. சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேச வேண்டிய ஓவியம் இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. பாறை ஓவியம் பளிச்சென்று போட்டோவில் விழ வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுகிறவர்களை நான் நேரில் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். உள்ளே தீ மூட்டிச் சமைப்பதும், பெயிண்டால் பெயர் எழுதுவதும் வாரக் கடைசியில் நடக்கிற வேலைகள். ஒரு லொக்கேஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சானால், அடுத்த ஞாயிறே அங்கே பைக்குகள் நிற்கும். பதினான்கு அடிக் குகை அதைத் தாங்காது. பாதி மலைகள் காப்புக்காடு வேறு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் மாதக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அப்போ யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்துவிடலாமா என்றால், அதுவும் ஆபத்து. என் வாதத்தில் கடினமான பகுதி இதுதான். பதிவில் இல்லாத குன்று, அரசாங்கக் கணக்கில் வெறும் கல். குவாரிக்காரர் கேட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஃபைலில் எழுத ஒரு நிமிடம் போதும். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு பட்டியலில் ஏறிய இடங்களுக்கு மட்டும்தான்.

அதனால் இப்படிச் செய்யலாம். வாசகர் எழுதுவதை அச்சிடுங்கள், வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துல்லியமான இடம், அளவு, போட்டோ இவற்றைத் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறதே, அதில் அந்த ஊர்க்காரர்களே எழுந்து சொல்லித் தீர்மானமாக ஏற்றட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய குகையை அப்புறம் யாரும் சுலபமாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. பார்க்க விரும்புகிறவர்கள் ஊருக்குப் போய்க் கேட்கட்டும், ஆடு மேய்ப்பவர் கூட்டிப் போகட்டும், அவருக்கு ஒரு நாள் கூலி கிடைக்கட்டும். கூட ஊர்க்காரர் ஒருவர் நின்றால் பெயிண்ட் டப்பா வெளியே வராது.

நான் பார்த்த குகையின் அளவுப்படத்தையும் ஊர்ப்பெயரையும் தொல்லியல் துறைக்கு அனுப்பிவிட்டேன், ஒரு பிரதி தனி உறையில் உங்களுக்கும் வருகிறது. அது அச்சிட அல்ல. உங்கள் நிருபர் நேரில் பார்க்க விரும்பினால் மாசியில் வரச் சொல்லுங்கள், வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடலாம். காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும். அந்த அம்மாவிடம் நான் சொல்லி வைக்கிறேன், அவர் வராமல் போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி