விளக்கைப் பிடித்திருப்பவரையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், கள்ளுண்ணாமை அதிகாரத்தின் 929ஆவது குறளுக்கு, ‘குடிகாரனைத் திருத்தவே முடியாது என்கிறார் வள்ளுவர்’ என்று ஒரே வரியில் பொருள் தரப்பட்டிருந்தது. குடியால் நொந்த வீட்டுப் பிள்ளை ஒன்று அதைப் படித்தால், தன் அப்பாவுக்கு இனி விடிவே இல்லை என்று வள்ளுவரே தீர்ப்பு எழுதிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதா? அத்தகைய பிள்ளைகளுக்கு 30 ஆண்டுகள் பாடம் சொன்னவள் நான். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவளும்கூட. அதனால்தான் எழுதுகிறேன்.

‘களித்தானைக் காரணம் காட்டுதல் கீழ்நீர்க்
குளித்தானைத் தீத்துரீஇ அற்று.’

‘களித்தான்’ என்ற சொல் குடிப்பழக்கம் உள்ள எவரையும் பொதுவாகக் குறிப்பதன்று. குடித்து, அந்த மயக்கத்தில் இருப்பவனைக் குறிப்பது. அந்த நேரத்தில் அவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது, நீரில் மூழ்கியவனை விளக்கு ஏந்தித் தேடுவதற்குச் சமம் என்கிறது குறள். இந்த உவமையில் நாம் மூழ்கியவனையே பார்க்கிறோம். விளக்கோடு நீருக்குள் இறங்குகிறவரை மறந்துவிடுகிறோம். தண்ணீர் பட்டதும் அணைவது அவர் கையிலிருக்கும் தீ அல்லவா? ஒருவரின் குடி குடும்பத்தை என்ன செய்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில் அந்த விளக்கைப் பிடித்திருந்தவர் என் அம்மா. சம்பளம் போட்ட இரவில் அப்பா கள்ளுக்கடையிலிருந்து திரும்பியதும், மளிகைக் கடைக் கடன், பள்ளிச் சீருடை, தங்கையின் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். பேச்சு அடியில் முடியும். மறுநாள் விடியுமுன், தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது அப்பா தெளிவாக இருப்பார். அம்மாவிடம்தான் அதற்குள் பேசத் தெம்பு இருக்காது.

எங்கள் பீடோங் வட்டாரத்தில் 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. லயத்துக்குள் பெண்கள் இரவுதோறும் நடத்திய போராட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த ஒன்றே முக்கால் அடியில்தான் அதை நான் காண்கிறேன்.

அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்காமல் இதற்குப் பொருள் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானைக் காணுங்கால்
உள்ளான்கொல் உண்டதன் சோர்வு.’

தான் குடிக்காதிருக்கும் வேளையில், குடித்து மயங்கிய வேறொருவனைக் காணும்போது, தனக்கும் இந்த நிலைதானே என்று அவன் எண்ண மாட்டானா? ‘உள்ளான்கொல்’ என்பதற்குப் பரிமேலழகர் ‘கருதான் போலும்’ என்று நம்பிக்கை தளர்ந்த குரலில் உரை சொல்கிறார், மு. வரதராசனாரோ ‘நினைக்கமாட்டானோ’ என்று கேட்கிறார். பரிமேலழகரின் புலமைக்கு முன் நான் எம்மாத்திரம். ஆயினும் இங்கு மு.வ. பக்கமே நிற்பேன். ‘கள்ளுண்ணாப் போழ்து’ என்று ஒரு வேளை உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியோடுதான் வள்ளுவர் அதிகாரத்தை முடிக்கிறார்.

ஒரு சம்பள நாளில், காய்ச்சலால் கடைக்குப் போகாமல் வீட்டு முன்நடையான அஞ்சடியில் உட்கார்ந்திருந்த அப்பா, பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய மகன் கால்வாயிலிருந்து தூக்கி வருவதைப் பார்த்தார். “நானும் இப்படித்தான் கெடப்பேனாம்மா?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது 12 வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் குடியை முழுவதுமாக விட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிக் கேட்கக்கூடிய மனிதர் அவருக்குள் இருந்தார். ‘திருத்தவே முடியாது’ என்ற விளக்கத்தில் அவருக்கு இடமில்லை.

குடிக்கு அடிமையாவது நோய் என்று மருத்துவம் இன்று சொல்கிறது. நீண்ட காலம் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், தெளிந்த வேளையில் பேசும் பேச்சு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பேச்சாகவும் இருப்பது நல்லது. இனி மாணவர் பகுதியில் 929ஆவது குறளை வெளியிடும்போது, 930ஐயும் அதன் கீழேயே சேர்த்து அச்சிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பீடோங், கெடா.