பழைய காட்சிக்குத் தேதி போடுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யூடியூப் செய்தி சேனல் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். போன மழையில் சுற்றிய அந்த வீடியோ உங்களுக்கே தெரியும். கே.ஆர்.பி. அணையின் (கிருஷ்ணகிரி அணை) ஷட்டர் உடைந்து தண்ணீர் சீறும் காட்சி. அது 2017 நவம்பரில் எடுத்தது. அந்த ஷட்டரை மாற்றியும் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் படத்தில் தேதி இல்லை, ‘சற்று முன்’ என்ற சிவப்புப் பட்டை மட்டும் இருந்தது.

அந்த அணைக்குக் கீழே, காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை ஆற்றோரம் குடியிருக்கும் எங்களுக்கு அது நடுராத்திரியில் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஆயாவால் தானாக எழுந்து நிற்க முடியாது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் மேட்டுத் தெருவுக்குப் போனோம். ஆடுகளை அவிழ்த்துவிடாமல் வந்துவிட்டோமே என்று வழியெல்லாம் அழுதார். விடிந்து பார்த்தால் அணைக்கு ஒன்றும் இல்லை. ஆயாவுக்குக் கண்ட காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, இன்னும் தேறவில்லை.

ஏன் நம்பினீர்கள் என்று கேட்காதீர்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

தலைப்பில் ‘பழைய காட்சி’ என்று போட்டிருந்ததாக உங்களில் ஒருவர் சொன்னார். தலைப்பு யூடியூபோடு நின்றுவிடுகிறது. யாராவது 30 நொடி வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மட்டும்தான் வரும். அதனால்தான் கேட்கிறோம்: எடுத்த தேதியையும் இடத்தையும் படத்தின் மேலேயே, முதலிலிருந்து கடைசி வரை தெரிகிற மாதிரி போடுங்கள். எடிட்டிங் ஆப்பில் அது பெரிய வேலை இல்லை.

முன்பு நிருபர் அனுப்பியதை இன்னொருவர் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவார். இப்போது எடுப்பது, வெட்டுவது, வாசிப்பது, வெளியிடுவது எல்லாம் ஒரே ஆள், ஒரே செல்போன். சரி, காலம் அப்படி. ஆனால் சரிபார்ப்பது யார்? பார்வைகள் ஏறினால் விளம்பரப் பணம் உங்களுக்கு வருகிறது. மருந்துச் செலவு எங்கள் தெருவில் நிற்கிறது. பெரிய டிவிகளும் இதே வேலையைச் செய்கின்றன, அவர்களைக் கேட்க எங்களுக்கு வழியே இல்லை.

உங்களைக் கேட்க முடியும் என்பதால்தான் எழுதுகிறோம். மாங்காய் விலை சரிந்தாலும், ஊருக்குள் பஸ் வராவிட்டாலும் கேமராவோடு வருபவர்கள் நீங்கள்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்டு.

தவறான வீடியோவை நீக்கினால் மட்டும் போதாது. பரவிய பிரதிகள் அப்படியேதான் இருக்கும். தவறு என்று அதே சேனலில் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன்பே, தயவுசெய்து, பழைய காட்சிகளில் தேதியும் இடமும் போடத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஆற்றோரத் தெருக்காரர்கள் சார்பாக,
காவேரிப்பட்டணம்