செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது வாசகர் மன்றத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு 6 முறை கூடியது. 2 முறை கோரம் சேராததால் ஒத்திவைத்தோம். நூலக இருப்பு சரிபார்க்கப்பட்டது. கட்டுரைப் போட்டி நடந்தது, பரிசுகள் வழங்கப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம்.

இனி மாதக் கூட்டங்கள். புகார்கள் வந்தது இவற்றைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துப் படிக்கலாம் என்று சொன்னவன் நான். குடும்பக் கட்டுப்பாடு, இனப்பெருக்க நலம் தொடர்பான சட்டங்களை மத அமைப்புகள் எதிர்த்த வரலாறு என்பது பொருள். செயற்குழு ஒருமனதாக ஏற்றது, தீர்மானப் புத்தகத்தில் பதிவும் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள். நான்காவது கூட்டத்தில் 11 பேர். இடையில் என்ன நடந்தது என்று விசாரித்தபோது, "மன்றம் மதத்துக்கு எதிராகப் போய்விட்டது" என்ற பேச்சு வெளியே சுற்றுவது தெரிந்தது. இதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை. எனவே அங்கே உண்மையில் என்ன பேசினோம் என்பதை அறிக்கையில் பதிவு செய்வது என் கடமை.

மூன்று மாதங்களைப் பிலிப்பைன்ஸுக்கு ஒதுக்கினோம். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களாக இருக்கும் நாடு அது. அங்கே அரசு சுகாதார நிலையங்களில் கருத்தடைச் சேவை தரச் சொல்லும் இனப்பெருக்க நல மசோதா பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் முன்வைக்கப்பட்டுக் கிடப்பில் போனது. கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) பேரவை வெளிப்படையாக எதிர்த்தது. கடைசியில் 2012 டிசம்பர் 17 அன்று கீழவையில் 133க்கு 79, மேலவையில் 13க்கு 8 என்று நிறைவேறியது. அதிபர் பெனிக்னோ அக்கினோ டிசம்பர் 21 அன்று கையெழுத்திட்டார். நாம் செய்தித்தாளில் படித்திருந்தால் இங்கேயே கதை முடிந்தது என்று நினைத்திருப்போம். அப்புறம் நடந்ததுதான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

2013 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தி வைத்தது. 120 நாள் தடை என்றார்கள், ஜூலையில் அதையே காலவரையின்றி நீட்டித்தார்கள். அதே ஆண்டுத் தேர்தலின்போது பக்கோலோட் நகரப் பேராலயத்தின் முகப்பில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. சட்டத்துக்கு வாக்களித்தவர்களின் பெயர்கள் 'மரண அணி' என்ற தலைப்பிலும், எதிர்த்தவர்களின் பெயர்கள் 'வாழ்வு அணி' என்ற தலைப்பிலும் இருந்தன. தேர்தல் ஆணையம் அளவு மீறியது என்று அகற்றச் சொன்னது. மறைமாவட்டம் (அந்தப் பகுதித் திருச்சபை நிர்வாகம்) நீதிமன்றம் போய் 2015இல் வென்றது. இதில் நான் மறைமாவட்டத்தின் பக்கம்தான் என்று கூட்டத்திலேயே சொன்னேன். எதிர்ப்பைச் சொல்லும் உரிமை வேறு, எதிர்ப்பு சரியா என்பது வேறு. இதைக் கேட்டிருந்தால் அந்தப் பேச்சைப் பரப்பியவர்கள் பரப்பியிருக்க மாட்டார்கள்.

2014 ஏப்ரல் 8இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் 8 பிரிவுகளை நீக்கியது அல்லது சுருக்கியது. மனசாட்சியின் பேரில் கருத்தடைச் சேவை தர மறுக்கும் மருத்துவர், நோயாளியை வேறு இடத்துக்காவது அனுப்பி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. விதிகளில் எது 'கருக்கலைப்பு மருந்து' என்று சொல்லும் இடத்தில் 'முதன்மையாக' என்று ஒரு சொல் இருந்தது. கருவைக் கலைப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட மருந்து மட்டும்தான் அதில் வரும் என்பது பொருள். நீதிமன்றம் அந்த ஒரு சொல்லை நீக்கியது. அந்த ஒரு சொல் போனதும், சந்தையில் ஏற்கெனவே இருந்த மாத்திரைகளும் ஊசிகளும்கூடத் தாங்கள் கருவைக் கலைப்பவை அல்ல என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. 2015 ஜூனில் கையில் பொருத்தும் கருத்தடைச் சாதனத்துக்குத் தடை, 2016இல் கருத்தடைக்கான நிதியில் 100 கோடி பெசோ வெட்டு. 2017 நவம்பரில் மருந்துத் துறை 51 வகைகள் கருவைக் கலைப்பவை அல்ல என்று சான்றளித்த பிறகே தடை விலகியது. சட்டம் கையெழுத்தாகிக் கிட்டத்தட்ட ஐந்தாண்டு ஆகியிருந்தது. இத்தனைக்கும் கருக்கலைப்பு குற்றமாகவே தொடரும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

பணம் இருக்கிறவர் தனியார் மருத்துவரிடம் போய்விடுவார். அரசு சுகாதார நிலையத்தை நம்பியிருக்கும் பெண்தான் காத்திருக்கிறாள். மணிலா மாநகரில் 2000ஆம் ஆண்டில் மேயர் பிறப்பித்த ஓர் ஆணையால் மாநகர மருத்துவமனைகளில் மாத்திரையும் ஆணுறையும் நின்றுபோனதை நாம் படித்தோம். கடைகளில் அவை விற்றுக்கொண்டுதான் இருந்தன. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த ஆண்டுத் திட்டம் தகும் என்று நான் நினைக்கிறேன்.

'மதம் எதிர்த்தது' என்று ஒரே வாக்கியத்தில் அடைக்க நாங்கள் முயலவில்லை. அதே பிலிப்பைன்ஸில் இக்லேசியா நி கிறிஸ்டோ என்ற கிறிஸ்தவ சபை சட்டத்தை ஆதரித்தது. ஈரானில் 1989க்குப் பிறகு மதத் தலைமையின் ஒப்புதலோடுதான் குடும்பக் கட்டுப்பாடு நடந்தது, திருமணத்துக்கு முன் வகுப்பே கட்டாயமாக இருந்தது. பின்னர் அதே தலைமை மக்கள்தொகை கூட வேண்டும் என்று திசைமாறி, 2021இல் சட்டம் கொண்டுவந்து இலவசக் கருத்தடையைக் கட்டுப்படுத்தியது. வேதம் மாறவில்லை, தேவை மாறியது.

ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால், நம் மூத்த கத்தோலிக்க உறுப்பினர் நடத்தியதுதான். செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968 ஜூலை 25 தேதியிட்டுத் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலை அவர் விளக்கினார். அதற்கு முன் அமைக்கப்பட்ட குழுவில் பெரும்பான்மையினர் போதனையை மாற்றலாம் என்று 1966இல் பரிந்துரைத்ததையும், திருத்தந்தை அதை ஏற்காததையும் மறைக்காமல் சொன்னார். 1968 செப்டம்பரில் கனடா ஆயர்கள், நேர்மையாக முயன்றும் ஏற்க முடியாத தம்பதியர் தங்கள் மனசாட்சிப்படி நடக்கலாம் என்று அறிவித்ததையும் சொன்னார். "எங்களைப் பெண்களுக்கு எதிரிகள் என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள், பெரு நாட்டில் நடந்ததைப் படியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். படித்தோம். அங்கே அதிபர் புஜிமோரி ஆட்சியில் 1996 முதல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. பலர் ஏழைகள், பழங்குடியினர், சரியான ஒப்புதல் கேட்கப்படாதவர்கள். அதைக் கண்டித்தவர்களில் அங்கிருந்த திருச்சபையும் உண்டு. சட்டத்தின் பெயரால் பெண்ணின் உடலில் கைவைப்பதும் தவறுதான். அவர் கேட்காதிருந்தால் இதை நான் தவறவிட்டிருப்பேன்.

அயர்லாந்துக் கூட்டத்துக்கு 9 பேர். 1935 சட்டம் கருத்தடைப் பொருள்களை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்திருந்தது. நான்கு குழந்தைகளின் தாயான மேரி மெக்கீ, இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்ன நிலையில் இங்கிலாந்திலிருந்து தருவித்த மருந்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அவர் வழக்குப் போட்டு 1973இல் வென்றார். முறையான சட்டம் வர 1979 ஆனது, அப்போதும் ஆணுறைக்கே மருத்துவர் சீட்டு வேண்டும். 1985இல்தான் 18 வயது நிரம்பியவர்களுக்கு அந்தச் சீட்டுத் தேவையில்லை என்றானது. இதைப் படித்து முடித்ததும், எட்டு வருடமாகக் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசியிராத அம்மா ஒருவர் எழுந்து, "எங்க காலத்துல இதைக் கேட்கவே வாய் வராது, அந்தப் பொண்ணு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கா" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சந்தா பற்றி. உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே இந்த ஆண்டுச் சந்தா செலுத்தியிருக்கிறார்கள். பொருள் பிடிக்காததால் நிறுத்தி வைத்திருப்பதாகச் சிலர் என்னிடம் நேரிலேயே சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. வராமல் இருப்பது அவரவர் உரிமை. ஆனால் மறுப்பு இருந்தால் வந்து சொல்லியிருக்கலாம், மூத்த உறுப்பினர் அதைத்தான் செய்தார். கூட்டத்துக்கு 9 பேர் வந்தாலும் அரங்க வாடகையும் மின்கட்டணமும் குறைவதில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, சிறு பற்றாக்குறை இருந்தது. முந்தைய ஆண்டு இருப்பிலிருந்து சமாளித்தோம். விவரங்களைப் பொருளாளர் அவர்கள் தாக்கல் செய்வார். தணிக்கையாளருக்கும், இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், கடைசிவரை வந்த அந்த 9 பேருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. கருக்கலைப்புச் சட்டங்களை இந்த ஆண்டு வேண்டுமென்றே தொடவில்லை, அவற்றைத் தனியே படிக்க வேண்டும். போலந்து, எல் சால்வடோர் பற்றிய குறிப்புகள் என்னிடம் தயாராக இருக்கின்றன. இந்தப் பொறுப்பில் நானே தொடர வேண்டும் என்பதில்லை. வேறொருவர் முன்வந்தால் குறிப்புகளை அவரிடமே ஒப்படைப்பேன், வேறு பொருளை எடுத்தாலும் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். யாரும் முன்வராவிட்டால் நான் நடத்துகிறேன். ஆனால் அரங்குக்கு முன்பணம் கட்டவேண்டிய நாள் நெருங்குகிறது, நிலுவைச் சந்தா வராமல் அதைக் கட்ட முடியாது. ரசீதுப் புத்தகம் இன்று பொருளாளர் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் நாங்கள் இங்கேயே இருப்போம்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்